வயிற்று ஆபரேஷன் முடிந்த மனைவியை எப்போது நடக்கவிடுவது?

கேள்வி. 2 பிப்ரவரி 2025

என் மனைவிக்கு (41) குடல் அடைப்புக்காக நேற்று முன்தினம் வயிற்றைத் திறந்து ஆபரேஷன் நடந்தது. குடலில் கொஞ்சம் வெட்டி எடுத்துவிட்டு வெளியே பை வைத்திருக்கிறார்கள். இன்று காலை பிசியோதெரபிக்கு வந்த பெண் அவளை எழுப்பி நிற்கவைத்தார். என் அம்மா சத்தம் போட்டுவிட்டார். பச்சைப் புண், தையல் பிரிந்துவிடும், ஒரு மாதமாவது அசையாமல் படுக்கவேண்டும் என்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. வீட்டுக்குப் போனதும் அவளை ஒரு துரும்பைக்கூட எடுக்கவிடாமல் எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்ளப்போகிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

2 பிப்ரவரி, இரவு 10.40

நடக்கவையுங்கள் தம்பி. அந்தப் பெண் செய்தது சரி. அம்மாவின் பயம் புரிகிறது, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

என் மனைவிக்கும் இதே கதைதான். 2023 ஆகஸ்ட். இரண்டு பிரசவமும் சிசேரியன், அப்புறம் கர்ப்பப்பையை எடுத்தார்கள். பழைய ஆபரேஷன்களின் தழும்பு உள்ளுக்குள்ளே நார்போல ஒட்டி, சிறுகுடல் அதில் மாட்டி முறுக்கிக்கொண்டது. எங்கள் ஊரில் ஒரு கிளினிக்கில் 'கேஸ்' என்று சொல்லி இரண்டு நாள் ஊசி போட்டு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் பச்சைப் பச்சையாக வாந்தி எடுக்க ஆரம்பித்ததும் மதுரைக்கு ஓடினோம். அதற்குள் இரண்டு அடி நீளத்துக்குக் குடல் கறுத்துவிட்டது. பிரஷர் இறங்கிக் கிடந்தாள். அந்த நிலையில் உள்ளேயே இணைத்துத் தைத்தால் பிடிக்காது என்று குடலின் முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து பை வைத்தார்கள். தொப்புளுக்கு மேலே நாலு விரல் தொடங்கி அடிவயிறு வரை, தையலுக்குப் பதிலாக 28 உலோகப் பின். அன்று அந்தப் பின்களை எண்ணுவதைத் தவிர வேறென்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அவளை எழுப்பி உட்காரவைத்தபோது நானும் சிஸ்டரிடம் சண்டைக்குப் போனேன். டியூட்டி டாக்டர் என்னை வெளியே கூட்டிப்போய் விளக்கினார். படுத்தே கிடந்தால் கெண்டைக்காலில் ரத்தம் உறையும். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி, சளி தேங்கி, நிமோனியாவில் கொண்டுபோய் விடும். டென்மார்க்கில் ஹென்ரிக் கெலெட் என்ற சர்ஜன் 1990களிலேயே பெருங்குடல் ஆபரேஷன் செய்தவர்களைச் சீக்கிரமாக எழுப்பி, சீக்கிரமாகச் சாப்பிடவைத்து, இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிக் காட்டினார் என்றும் அவர்தான் சொன்னார். நம்முடையது அவசர ஆபரேஷன், அவ்வளவு வேகம் வராது. வழி ஒன்றுதான்.

எழுப்பும் முறை முக்கியம். கையைப் பிடித்து நேராக இழுக்காதீர்கள். முழங்காலை மடக்கி, உடம்பு மொத்தத்தையும் ஒரே கட்டையாக ஒரு பக்கம் புரளச் சொல்லுங்கள். கால் இரண்டும் கட்டிலுக்கு வெளியே இறங்கும்போது அவர் முழங்கையை ஊன்றித் தன்னை மேலே தள்ளவேண்டும். இருமல் வந்தால் சின்னத் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளவேண்டும். மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவி கொடுத்திருப்பார்கள். மணிக்குப் பத்துத் தடவை ஊதச் சொல்லுங்கள்.

3 பிப்ரவரி, காலை

திருத்தம். நர்ஸாக இருக்கும் ஒரு தங்கை தனிச்செய்தியில் சுட்டிக்காட்டினார். அதை ஊதக்கூடாது, உறிஞ்சவேண்டும். மூச்சை மெதுவாக உள்ளே இழுக்கும்போதுதான் பந்து மேலே ஏறும். எழுதும் அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டேன். பந்துக்கு மேலே 600, 900, 1200 என்று போட்டிருக்கும். மூன்றும் ஏறவில்லையே என்று அவர் கவலைப்பட வேண்டாம். என் மனைவிக்கு முதல் நான்கு நாள் ஒரு பந்துதான் ஏறியது. ஏறிய பந்தை இரண்டு மூன்று விநாடி அங்கேயே நிறுத்திப் பிடிக்கவேண்டும், அதில்தான் பலன்.

3 பிப்ரவரி, இரவு

பையில் ஒன்றுமே வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பொறுங்கள். வயிற்றில் கை வைத்தால் குடல் ஸ்தம்பித்து நிற்கும், திரும்ப அசைய நேரம் எடுக்கும். முதலில் காற்றுதான் வரும். பை பலூன்போல உப்பும். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்ததும் முதலில் கேட்பது "கேஸ் போச்சா?" என்றுதான். எங்களுக்கு மூன்றாம் நாள் விடியற்காலை உப்பியது. அதன்பிறகுதான் வயிற்று நீரை வெளியேற்ற மூக்கு வழியே போட்டிருந்த குழாயை எடுத்தார்கள்.

வலி மருந்தை மறுக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். "பழகிவிடும், வேண்டாம்" என்று என் மனைவியும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள், நானும் தைரியசாலி என்று பாராட்டினேன். தப்பு. வலி அடங்கினால்தான் ஆழமாக மூச்சு இழுக்க முடியும், இரும முடியும், நடக்க முடியும். நேரத்துக்குப் போடச் சொல்லுங்கள்.

5 பிப்ரவரி

பத்தியம். இதை நிதானமாக எழுதவேண்டும், ஏனென்றால் நான் அதிகம் கோட்டைவிட்டது இங்கேதான்.

பருப்பு சேர்த்தால் சீழ் வைக்கும், முட்டை சூடு, மீன் ஆகாது, கத்திரிக்காய் கரப்பான். இதெல்லாம் என் அம்மாவின் பட்டியல். அவர் நான்கு பிள்ளைப்பேறு பார்த்தவர், அவர் பேச்சை மீறி எனக்குப் பழக்கமில்லை. வீட்டுக்கு வந்தபின் பத்து நாள் ரசம் சாதம், இட்லி, பால், பிரெட் என்றே போனது. 58 கிலோ இருந்தவள் 51 ஆனாள். பின் எடுத்த இடத்தில் கீழ்முனையில் ஓரங்குலம் வாய் பிளந்து நீர் கசிந்தது.

செக்கப்புக்குப் போனபோது டயட்டீஷியன் கேட்ட முதல் கேள்வி: "ஒரு நாளைக்கு எத்தனை முட்டை?" ஒன்றுகூட இல்லை. பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பு எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டுமாம். 58 கிலோ ஆளுக்கு 70 கிராமுக்குக் குறையக்கூடாது. ஒரு முட்டையில் ஆறு கிராம்தான், ரசத்தில் என்ன இருக்கப்போகிறது? புண்ணை மூடும் சதையே புரதத்தால்தான் ஆகிறது. அதை நிறுத்திவிட்டுப் புண் ஆறட்டும் என்று காத்திருந்தோம். புண் பிளந்ததற்கு இது ஒன்றே காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. ஆறுவதற்கு இது தடை என்று சொன்னார், அதுவே எனக்குப் போதும்.

அம்மாவிடம் நான் சொன்னால் எடுபடாது. அடுத்த செக்கப்புக்கு அவரையும் கூட்டிப்போய் டாக்டர் வாயால் சொல்லவைத்தேன். அன்று மாலையே பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துத் தந்தவர் அவர்தான். அப்புறம் சுறாப்புட்டு, மிக்ஸியில் அடித்த கோழி சூப், தயிர் என்று அவரே பொறுப்பெடுத்துக்கொண்டார். நீங்களும் அம்மாவோடு மல்லுக்கு நிற்காதீர்கள், ரவுண்ட்ஸ் நேரத்தில் அவரை வார்டில் இருக்கச் சொல்லுங்கள். சர்க்கரை, கிட்னி தொந்தரவு இருந்தால் மட்டும் அளவைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

பை இருப்பவர்களுக்கு வேறு ஒரு பத்தியம் உண்டு, அதை யாரும் எங்களுக்கு அழுத்திச் சொல்லவில்லை. நார் நாராக இருப்பதும் சரியாக மெல்லாததும் குடல் வாயில், அதாவது வெளியே கொண்டுவந்த குடல் முனையில், அடைத்துக்கொள்ளும். முருங்கைக்காய்ச் சக்கை, வாழைத்தண்டு, கீரைத்தண்டு, தேங்காய்ச் சில், வேர்க்கடலை, சோளப்பொரி, காளான், அன்னாசி. ஏழாவது வாரம் ஒரு விசேஷ வீட்டிலிருந்து அவியல் வந்தது. ஆசைப்பட்டுச் சாப்பிட்டாள். நாலு மணி நேரம் பை காலி, வயிறு பிசைகிறது, வாந்தி. திரும்ப மதுரை, இரவெல்லாம் டிரிப்ஸ். நல்லவேளை, விடியும்போது தானாகவே திறந்துகொண்டது.

6 பிப்ரவரி

பார்க்க வருகிறவர்களைப் பற்றி. ஒரு வாரத்துக்கு யாரையும் விடாதீர்கள். ஆளுக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் கொண்டுவந்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இதே ஆபரேஷனில் செத்துப்போனவர் கதையைச் சொல்லிவிட்டுப் போவார்கள். கட்டிலில் உட்காரும்போது மெத்தை அமுங்கினால் தையலில் சுரீர் என்று இழுக்கும், அது அவர்களுக்குத் தெரியாது. கட்டிலிலிருந்து நாலடி தள்ளி நாற்காலி போட்டுவிடுங்கள்.

9 பிப்ரவரி

பை மாற்றுவதைக் கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் செய்த மாதிரியே சொல்கிறேன்.

நேரம் விடியற்காலை, ஒன்றும் சாப்பிடுவதற்கு முன். அப்போதுதான் குடல் அமைதியாக இருக்கும். வெந்நீர், பழைய வேட்டித்துணி கிழித்தது, கத்தரி, குடல் வாயை அளக்கும் அளவு அட்டை, புதுப் பை, குப்பைக்கு ஒரு கவர். எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டுதான் பழைய பையைத் தொடவேண்டும். பையைத் தோலில் ஒட்டவைக்கும் தட்டை இழுத்துப் பிய்க்கக்கூடாது. ஒரு கையால் தோலை அழுத்திக்கொண்டு, மறு கையால் ஈரத்துணி வைத்து மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக உரிக்கவேண்டும். உள்ளே குடல் வாய் நல்ல சிவப்பாக, உள்உதடுபோல ஈரமாக இருக்கும். நான் துடைக்கும்போது அது தானே சுருங்கி விரிந்தது. முதல் தடவை எனக்குக் கை நடுங்கியது. "வலிக்குதா?" என்றேன். "அங்க ஒண்ணுமே தெரியல" என்றாள். அதில் வலி நரம்பு கிடையாது. அதனால்தான் கூடுதல் கவனம் வேண்டும், கத்தரி பட்டால்கூட அவருக்குத் தெரியாது. லேசாகத் துடைக்கும்போது ஒரு பொட்டு ரத்தம் வந்தால் பயம் வேண்டாம். கறுத்தாலோ நீலம் பாரித்தாலோ உடனே கிளம்புங்கள்.

சோப்புப் போட்டால் கொழகொழப்பு நின்று தட்டு ஒட்டாது, தண்ணீர் போதும். தோல் நன்றாகக் காயட்டும். தட்டில் ஓட்டையைக் குடல் வாயைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்டுங்கள். பெரிதாக வெட்டினால் வருவதெல்லாம் தோலில் படும். சிறுகுடலிலிருந்து வருவதில் செரிமான நீர் இருக்கிறது, தோலையே அரித்துவிடும். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே தட்டை ஒரு நிமிடம் வைத்துச் சூடேற்றினால் பசை இளகும். ஒட்டியபின் மேலே கை வைத்து அப்படியே அழுத்திப் பிடித்திருங்கள். அந்த ஒரு நிமிடம் அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு, வயதுக்கு வந்த பெண்ணின் காலேஜ் ஃபீஸ் பற்றி எதையாவது பேசிக்கொண்டிருப்பாள். கீழே பார்க்கவே மாட்டாள்.

மூன்றில் ஒரு பங்கு நிறைந்தாலே காலி செய்யுங்கள். தட்டை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்றலாம். முதல் ஆறு எட்டு வாரத்தில் குடல் வாய் வீக்கம் வடிந்து சிறிதாகும், அதனால் ஒவ்வொரு தடவையும் அளந்து வெட்டவேண்டும். நான் மூன்றாவது வாரம்வரை பழைய அளவிலேயே வெட்டி, தோல் வெந்துபோனதும்தான் புரிந்துகொண்டேன்.

9 பிப்ரவரி, கொஞ்ச நேரம் கழித்து

தண்ணீரை விட்டுவிட்டேன்.

பையில் வருவதை அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பழைய அளவு ஜாடி ஒன்று போதும். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போனால் டாக்டரைக் கூப்பிடுங்கள். அப்போது வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் கொடுத்தால் இன்னும் அதிகமாகப் போகும், உப்பும் கூடவே போய்விடும். இளநீரும் இதற்குச் சரிவராது. அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. ஓஆர்எஸ் பாக்கெட்டைப் பிரித்து அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில், பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டரில், முழுவதும் கரைக்கவேண்டும். ஒரு டம்ளரில் கொஞ்சமாகத் தூவிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன், அது தப்பு.

இந்தச் சாதாரண உப்பு சர்க்கரைத் தண்ணீருக்கு ஒரு வரலாறு உண்டு. 1971 வங்கதேசப் போரின்போது எல்லையில் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்துபோய் டாக்டர் திலீப் மகாலனாபிஸ் இதைத்தான் டிரம்மில் கலக்கி, சொந்தக்காரர்களையே நோயாளிகளுக்கு ஊட்டச் சொன்னார். கூட இருந்தவர்கள் கையால்தான் அத்தனை பேர் பிழைத்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு டம்ளரோடு உட்கார்ந்திருந்தபோது அதை நினைத்துக்கொள்வேன். தெம்பாக இருக்கும்.

14 பிப்ரவரி

உங்கள் முதல் கேள்வியைத் திரும்பப் படித்தேன். நடப்பதைப் பற்றி அவ்வளவு எழுதினேன், "எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்ளப்போகிறேன்" என்ற வரியைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். அதுதான் பெரிய விஷயம்.

நானும் அதைத்தான் செய்தேன். பை மாற்றியது நான், காலி செய்தது நான், நோட்டு எழுதியது நான். கடையை மச்சானிடம் விட்டுவிட்டு முப்பது நாள் அவள் பக்கத்திலிருந்து நகரவில்லை. ஊரே மெச்சியது. ஐந்தாவது வாரம் சரக்கு எடுக்கத் திருநெல்வேலி போகவேண்டிய கட்டாயம். மதியம் போன். பை கசிந்துவிட்டது, புடவையெல்லாம் ஆகிவிட்டது. வீட்டில் அம்மாவும் இல்லை. "கிளம்பி வாங்க" என்று அழுகிறாள். சங்கரன்கோவிலுக்கு வந்து சேர ஒன்றரை மணி நேரமாவது ஆகும். போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி, டீக்கடை ஓரத்தில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். பாதியில், "சத்தம் போடாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது குளித்து, வேறு புடவை கட்டி உட்கார்ந்திருந்தாள். புதுத் தட்டில் ஓட்டை நான் வெட்டுவதைவிட வட்டமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சார்ட் வெட்டிப் பழகிய கை அது. ஐந்து வாரமாக அந்தக் கையை நான்தான் கட்டிப்போட்டிருந்தேன்.

முதல் வாரம் நீங்கள்தான் செய்யவேண்டும், வேறு வழியில்லை. இரண்டாவது வாரமே, குடல் வாயைத் தானே பார்க்க, முகம் பார்க்கும் கண்ணாடியை அவர் கையில் கொடுங்கள். பிறகு அளவு அட்டை. பிறகு கத்தரி.

15 பிப்ரவரி

மேலே ஒருவர் "அப்படியென்றால் வீட்டு வேலையும் செய்யவிடலாமா" என்று கேட்டிருக்கிறார். இல்லை, பாரம் வேறு விஷயம். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது என்பார்கள். வெட்டிய இடத்துக்கு மூன்று வாரத்தில் பழைய பலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் வந்திருக்கும். மூன்று மாதம் கழித்தும் எண்பது சதவீதம்தான், முழுசாகத் திரும்பவே திரும்பாது. தண்ணீர்க்குடம், ஈரத்துணி வாளி, மாவு கிரைண்டர் கல், சிலிண்டர் பக்கம் விடாதீர்கள். குடல் இறங்கினால் அதற்குத் தனி ஆபரேஷன். உட்கார்ந்து காய் நறுக்குவது, துணி மடிப்பது, பேப்பர் திருத்துவது எல்லாம் செய்யட்டும்.

23 பிப்ரவரி

இதையெல்லாம் என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

"எல்லாம் சரி, ஆனா பார்க்க வர்றவங்களைப் பத்தி எழுதினது தப்பு. யாரையும் விடாதீங்கன்னு இவரே முடிவு பண்ணி, என் கூட வேலை பார்க்கிற டீச்சரையும் வாசலோட அனுப்பிட்டார். அவங்ககிட்டதான் நான் அழுதிருப்பேன். யாரை விடணும், யாரை விடக்கூடாதுன்னு உங்க மனைவியைக் கேளுங்க.

"போன்ல சொந்தக்காரங்ககிட்ட பையைப் பத்தி என் காதுபட விவரமா சொல்லாதீங்கன்னு எத்தனையோ தடவை நினைச்சேன். அது என் வயிறு. யாருக்குத் தெரியணும்னு நான்தானே சொல்லணும்?

"ஒரு நாளைக்கு இருபது தடவை வலிக்குதா, வலிக்குதான்னு கேட்பார். ஆமான்னா அவர் முகம் போற போக்கைப் பார்க்க முடியாம இல்லைன்னுடுவேன்.

"ஒன்பதாம் நாள் சிக்குப் பிடிச்ச தலையை அலசி, எண்ணெய் வெச்சு, பின்னி விட்டார். பின்னல் கோணல்தான். அன்னைக்குத்தான் பிழைச்சுக்குவேன்னு எனக்குத் தோணிச்சு.

"அந்தக் குடல் வாய் கடமுடன்னு சத்தம் போடும், எந்த நேரம்னு இல்லாம. கூச்சமா இருக்கும். எங்க வீட்ல சத்தம் வந்தா, 'பாப்பா முழிச்சிட்டா'ன்னு சொல்லிடுவேன். பையன் சிரிப்பான். அப்புறம் எனக்கும் சிரிப்பு வந்துடும்."

டீச்சரை அனுப்பியது எனக்கு நினைவிருக்கிறது. அவள் நொந்தது எனக்கு இன்றுதான் தெரியும். 6ஆம் தேதி எழுதியதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

24 பிப்ரவரி

எப்போது உடனே கிளம்பவேண்டும் என்று ஒரே இடத்தில் எழுதச் சொன்னீர்கள். குளிர் ஜுரம், அல்லது 101க்கு மேல் காய்ச்சல். புண்ணில் சீழ், அல்லது திடீரென்று நீர் கொட்டுவது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல், நெஞ்சுவலி. பை காலியாக இருந்து வாந்தியும் எடுப்பது. சிறுநீர் குறைந்து, நிற்கும்போது கண் இருட்டுவது. நேரம் எதுவானாலும் காத்திருக்காதீர்கள். நாங்கள் அந்த முதல் இரண்டு நாளைக் காத்திருந்துதான் இழந்தோம்.

2 மார்ச்

மனைவி பக்கத்தில் படுப்பது பற்றித் தனியாகக் கேட்டதற்குப் பெயர் போடாமல் இங்கேயே பதில் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும். தையலில் இடித்துவிடுமோ என்று நான் ஒரு மாதம் கீழே பாய் போட்டுப் படுத்தேன். பை நாற்றத்தால்தான் தள்ளிப் படுக்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பை இல்லாத பக்கம் படுத்துக்கொள்ளுங்கள், நடுவில் ஒரு தலையணை போதும்.

குடலைத் திரும்ப உள்ளே வைத்தது எங்களுக்கு நான்காவது மாதம், டிசம்பரில். சின்ன ஆபரேஷன் என்றுதான் சொன்னார்கள். ஆனால் மறுபடி அதே காத்திருப்பு. முதல் நாள் இல்லை, இரண்டாம் நாள் இல்லை. வராண்டாவில் நடந்துகொண்டே இருந்தாள், இந்தத் தடவை நான் பிடிக்கவில்லை, டிரிப்ஸ் ஸ்டாண்டை அவளே தள்ளினாள். மூன்றாம் நாள் விடியற்காலை நாலு மணிக்குக் கீழே படுத்திருந்த என்னைக் காலால் தட்டினாள். "என்னங்க, போயிடுச்சு." நர்ஸ் அறைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன்.

உங்கள் மனைவிக்கும் குடலை உள்ளே வைத்து மூடியபின் முதல் சில வாரம் ஒரு நாளைக்கு ஆறேழு தடவை மலம் போகலாம், அவசரமாகவும் வரும். தோல் புண்ணாகும். சிங்க் ஆக்சைடு களிம்பு ஒன்று முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள்.